விழுவதற்கு ஓர் இடம்

கொட்டாரத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் ஈரம்தான். அப்படிப்பட்ட ஊரில், பதினோரு வயதான என் அக்காள் மகன், பனிச்சறுக்கு வீரர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு அவர்களைப் போலவே சுழல எண்ணி, வைக்கோற்போரின் மேலிருந்து குதித்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். இனிக் கைபேசியும் கிடையாது, குதிப்பும் கிடையாது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. அந்தத் தீர்ப்பின் இரண்டாம் பகுதியில் எனக்கு உடன்பாடில்லை.

அவன் முயன்றது வெறும் குட்டிக்கரணம் அன்று. பம்பரம்போல் நிமிர்ந்து நின்று சுழல்வது ஒரு வகை. சக்கரம்போல் தலைக்குமேல் கால் செல்ல உருள்வது இன்னொரு வகை. இவ்விரண்டுக்கும் நடுவே, உடல் பக்கவாட்டில் சரிந்தபடியே சுழல்வதைச் சறுக்கு வீரர்கள் ‘கார்க்’ என்கிறார்கள். சறுக்குமேட்டின் விளிம்பை விட்டுக் கிளம்பும் கணத்திலேயே ஒரு தோளைத் தாழ்த்தி, அந்தத் தோளுக்கு மேலாகப் பார்வையைச் செலுத்த வேண்டும். காற்றில் எழுந்தபின் புதிதாகச் சுழல்விசை பெற வழியில்லை. தரையிடமிருந்து வாங்கியதை வைத்தே காலம் தள்ள வேண்டும். கைகால்களை ஒடுக்கினால் வேகம் கூடும், விரித்தால் குறையும்.

கட்டுப்போட்ட கையுடன் அவன் என்னிடம் சொன்னான்: “மாமா, நடுவுல தரை எங்க இருக்குன்னே தெரியல்ல.”

இக்கலையின் முழுச் சிக்கலும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. சரிந்து சுழலும்போது மேலும் கீழும் குழம்பிப்போகின்றன. பலமுறை தவறாக விழுந்தபிறகே உடல் தரையைத் தேடக் கற்றுக்கொள்கிறது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, குதிக்கலாமா கூடாதா என்பதன்று. எங்கே விழுவது என்பதே.

தடைகளுக்கு ஆசையை அழிக்கும் வல்லமை இல்லை. மேடுபள்ளச் சறுக்குப் போட்டியில் தலைகீழாகப் புரள்வதற்கு ஒருகாலத்தில் தடை இருந்தது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில், 1998இல் தங்கம் வென்றிருந்த ஜானி மோஸ்லி, கால் தலைக்குமேல் போகாதவாறு உடலைக் கிடையாகச் சரித்து இருமுறை சுழன்றார். விதிக்கு உட்பட்டே செய்தார். கிடைத்தது நான்காம் இடம். ஆனால் பிற்பாடு அந்தத் தடையே நீக்கப்பட்டது.

இன்றைய வீரர்கள் முதலில் பனியில் குதிப்பதில்லை. துள்ளுவிரிப்பிலும் காற்றுமெத்தையிலும் பழகுகிறார்கள். வான்சாகசச் சறுக்கு வீரர்கள் கோடையில், பிளாஸ்டிக் பரப்பிய சறுக்குமேட்டிலிருந்து நீர்த்தொட்டிக்குள் பாய்கிறார்கள். நீர் அறையாமலிருக்க அடியிலிருந்து காற்றுக்குமிழிகளைச் செலுத்துவார்கள். அமெரிக்காவின் பார்க் சிட்டியில் இத்தகைய தொட்டி உண்டு. பனியே காணாத பிரிஸ்பேன் நகரிலும் ஆஸ்திரேலியர்கள் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். அதற்குமுன் அவர்களுடைய வீரர்கள் மெல்பர்ன் அருகே ஒரு கலங்கிய குளத்தில் விழுந்து பழகியவர்கள்தாம்.

குளம்! நாஞ்சில் நாட்டில் அதற்கா பஞ்சம்? எங்கள் தலைமுறை ‘சாட்டம்’ பழகியது குளத்துப் படித்துறையில்தான். மதில்மேலிருந்து சாடி, வயிறு நீரில் அறைந்து சிவந்து, மீண்டும் ஏறிச் சாடினோம். தோளைச் சரித்தால் உடல் எப்படித் திரும்பும் என்பதை எந்த ஆசானும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, நீர் சொல்லித்தந்தது. நீரின் தண்டனை கடுமையானது, ஆனால் எலும்பை முறிக்காதது.

இதைப் பழம்பெருமையாக மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. குளமும் கொல்லும். நீருக்கடியில் மறைந்திருக்கும் படிக்கல், கோடையில் வற்றிய ஆழம், சேறு, தாமரைக்கொடி எல்லாம் ஆபத்துகளே. ஆழமில்லாத நீரில் தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்து முறியும். பெற்றோரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அச்சம் பிள்ளைகளைக் குளத்திலிருந்து விலக்கியதன் விளைவு என்ன? நீந்தத் தெரியாத ஒரு தலைமுறையும், வைக்கோற்போரிலிருந்து தரையில் குதிக்கும் ஒரு சிறுவனும்தான்.

நான் கேட்பது ஒலிம்பிக் அரங்கமன்று. ஊருக்கு ஒரு குளத்தைத் தூர்வாரும்போது, ஒரு படித்துறையை மட்டுமாவது பிள்ளைகளுக்கென்று ஒதுக்கலாம். கல்லை அகற்றி, ஆழத்தை அளந்து எழுதிவைத்து, எல்லைக்குக் கயிறு கட்டி, மாலையில் ஒரு நீச்சல் ஆசிரியரை நிறுத்தலாம். ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெண்பிள்ளைகளுக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 0.15 புள்ளியில் பதக்கத்தைத் தவறவிட்ட தீபா கர்மாகர், அகர்தலாவில் போதிய கருவிகளின்றிப் பயிற்சியைத் தொடங்கியவர். திறமைக்கு இங்கே என்றும் குறைவில்லை. அதைத் தாங்கிப்பிடிக்கும் மெத்தைதான் இல்லை.

அடுத்த வாரம் மருமகனுக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். கை தேறியதும் முதலில் அவனுக்கு நீச்சல் கற்றுத்தரப்போகிறேன். சுழற்சியெல்லாம் அப்புறம். அக்காளிடம் இன்னும் சொல்லவில்லை.