மரம் நட்டால் மட்டும் போதுமா? தேவாலயங்கள் முன் நிற்கும் சுற்றுச்சூழல் கேள்வி

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கி, அசிசி நகரப் புனித பிரான்சிஸின் திருநாளான அக்டோபர் 4 வரை, உலகக் கிறிஸ்தவர்கள் பலர் ‘படைப்பின் காலம்’ என்று இயற்கைக்காகச் சிறப்பு வழிபாடு நடத்துகின்றனர். 2025ஆம் ஆண்டில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் இருந்தது. சுற்றுச்சூழல் பற்றி போப் பிரான்சிஸ் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ என்ற சுற்றுமடல் 2015 ஜூன் 18ஆம் தேதி வெளியாகி அந்த ஆண்டில் 10 ஆண்டுகள் நிறைவடைந்தன. அவர் 2025 ஏப்ரலில் மறைந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற போப் 14ஆம் லியோ, படைப்பைப் பாதுகாப்பதற்கென்றே புதிதாக அமைக்கப்பட்ட திருப்பலியை ஜூலை 9ஆம் தேதி நிறைவேற்றினார்.

இவையெல்லாம் ரோமாபுரிச் செய்திதானே, தோட்டத்திலும் தாமானிலும் வாழும் நமக்கு என்ன என்று கேட்கலாம். உண்மையில் இது நம் வீட்டு வாசலுக்கே வரும் விஷயம்.

மனிதன் பூமியை ஆளட்டும் என்று பைபிளின் தொடக்கத்தில் வருவதால்தான் மேற்குலகம் இயற்கையை இப்படிச் சுரண்டியது என்று 1967இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட் எழுதினார். அந்தக் குற்றச்சாட்டைத் திருச்சபைகள் ஒதுக்கிவிட முடியவில்லை. கிறிஸ்தவர்கள் அந்த வசனத்தைச் சில வேளைகளில் தவறாகப் புரிந்துகொண்டது உண்மை என்று சுற்றுமடலும் ஒப்புக்கொள்கிறது. அதே ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவுமே மனிதன் அங்கு வைக்கப்பட்டான் என்று இருக்கிறது. ஏழாம் ஆண்டு நிலத்துக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும் என்கிறது லேவியராகமம். ஆக, மனிதன் இங்கே காவல்காரன், முதலாளி அல்ல. ஆங்கிலிக்கன் திருச்சபையும் படைப்பைக் காப்பதைத் தன் ஊழியத்தின் ஐந்தாவது அடையாளமாக 1990இல் சேர்த்துக்கொண்டது.

சுற்றுமடலின் மையக் கருத்து ஒன்று நமக்கு மிகவும் நெருக்கமானது. பூமிக்கு நேரும் காயமும் ஏழைக்கு நேரும் காயமும் வேறு வேறல்ல என்பதே அது. இதற்கு விளக்கம் தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை. செம்பனைத் தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். அவர்கள் அடித்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். உடலுக்குள் போய்விட்டால் மாற்று மருந்தே இல்லாத நஞ்சு அது. அதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக 2002இல் அறிவிக்கப்பட்டது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்ததோ 2020 ஜனவரி 1ஆம் தேதி. அந்த இடைவெளியில் எத்தனை பேரின் நகமும் தோலும் கண்ணும் கெட்டிருக்கும்? மண்ணில் விழுந்த அதே மருந்துதான் மனிதர் மேலும் விழுந்தது.

தோட்டம் துண்டாடப்பட்டபோது வெளியேறிய குடும்பங்களுக்கும் நல்ல காற்று கிடைத்துவிடவில்லை. பலர் குடியேறியது தொழிற்சாலை ஓரங்களிலும் வெள்ளம் ஏறும் தாழ்வான இடங்களிலும்தான். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசீர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குச் சென்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. மூச்சுத் திணறியவர்களில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். வசதி உள்ளவர் வீடு மாறிக்கொள்ளலாம், மற்றவர் எங்கே போவது?

இந்தக் கோணத்தில் பார்த்தால், ஆண்டுக்கு ஒரு நாள் மரம் நட்டுப் படம் பிடித்துக்கொள்வதோடு கடமை முடியாது. முதலில் தேவாலயம் தன் வீட்டைப் பார்க்க வேண்டும். திருவிழா முடிந்த மறுநாள் காலை வளாகத்தில் எத்தனை பிளாஸ்டிக் போத்தல், எத்தனை பாலிஸ்டிரின் தட்டு கிடக்கிறது? அன்னதானம் நடத்தும் நம் கோயில்களுக்கும் இதே கேள்வி உண்டு. தட்டைக் கழுவி அடுக்க நான்கு இளைஞர்கள் முன்வந்தால் குப்பை பாதியாகக் குறையும்.

அடுத்தது, பேச வேண்டிய இடத்தில் பேசுவது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோர் காடும் ஆறும் நிறைந்த சபா, சரவாக்கில் வாழ்கிறார்கள். ஆகவே காடழிப்பு பற்றிய பேச்சு அவர்களுடைய சொந்தப் பிரச்சினை. தீபகற்பத்தில் உள்ள தமிழ்ச் சபைகளுக்கோ தோட்டத் தொழிலாளரின் பாதுகாப்பு சொந்தப் பிரச்சினை. இன்று மருந்து பம்பைச் சுமப்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பாராகுவாட் போனாலும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில்தான் உள்ளன. கையுறையும் முகக்கவசமும் அவர்களுக்குக் கிடைக்கிறதா என்று கேட்க, அந்தத் துன்பத்தை அனுபவித்த சமுதாயத்துக்கு மற்ற எவரையும்விட அதிக உரிமை உண்டு.

வழிபாட்டில் படைப்புக்காக மன்றாடுவது நல்லதுதான். அந்த மன்றாட்டை முடித்து வெளியே வரும்போது, பக்கத்து ஆற்றின் நிறம் மாறியிருந்தால் சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் கொடுக்கும் துணிச்சலும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொன்ன ஜெபம் திங்கட்கிழமையும் நீடிக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.