விரலும் விநாடியும்

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்கு வந்தன. அவற்றுள் தொழிற் பாதுகாப்பைப் பற்றியது, 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. அபாயமான யந்திர பாகங்களுக்கு வேலியிட வேண்டுமென்று பழைய சட்டம் தன் 21-வது பிரிவிலேயே விதித்தது. புதிய தொகுப்போ, யந்திர வேலியை அட்டவணையில் ஒரு விஷயமாகக் குறித்துவிட்டு, மற்றதைச் சர்க்கார் வகுக்கும் நியமங்களுக்கு விட்டுவிடுகிறது. அந்நியமங்களில் எழுத வேண்டியது என்ன என்பதே இப்போதைய கேள்வி.

ஹரியானாவில் பரீதாபாத், மானேஸர் முதலிய இடங்களில் மோட்டார் உறுப்புகள் செய்யும் பட்டறைத் தொழிலாளர் விரல்களை இழந்து வருவதை, 'ஸேஃப் இன் இந்தியா' என்னும் ஸ்தாபனம் 2019 முதல் அறிக்கைகளாக வெளியிட்டு வருகிறது. பெரும் பங்கு காயங்களுக்குக் காரணம் தகட்டை அழுத்தும் பவர் பிரஸ். தொழிலாளியின் அஜாக்கிரதை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம்.

இந்தச் சமாதானம் கணக்குக்கு முன் நில்லாது. யந்திரத்தை இயக்கும் இரு கைப் பொத்தான்களின் விஷயத்தில், ஐ.எஸ்.ஓ. 13855 என்னும் சர்வதேச நியமம் கையின் வேகத்தை விநாடிக்கு 1,600 மில்லிமீட்டர் என்று கொள்கிறது. பொத்தானை விட்டபின் பிரஸ் நிற்க 0.3 விநாடி ஆகுமானால், அதற்குள் கை 480 மில்லிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்கு மேல், சென்றுவிடும். அந்நியமத்தின் 2010-ம் வருஷப் பதிப்பு இதனுடன் 250 மில்லிமீட்டர் கூட்டச் சொல்கிறது. ஆகவே பொத்தான் அச்சுக்கு 730 மில்லிமீட்டர் அப்பால் இருத்தல் வேண்டும். பிரேக் தேய்ந்தால் நிற்கும் நேரம் நீளும். அந்தத் தூரமும் நீள வேண்டும். அரை முழத்தில் பொத்தானை வைத்துவிட்டு ஜாக்கிரதையை உபதேசிப்பது எந்த நியாயம்? பழைய சாவி கிளட்ச் பிரஸ் இறங்கத் தொடங்கினால் ஒரு சுற்று முடியாமல் நில்லாது. அங்கே கை புகாதபடி அச்சை மூடுவதே தக்க வழி.

மின்சக்தி கொண்ட பட்டறையில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது பழைய சட்டம். புதியது 20 பேர் என்கிறது. 10 பேருள்ள இடங்கள் 'ஸ்தாபனம்' என்ற முறையில் தொகுப்புக்குள் வருகின்றன என்று சர்க்கார் தரப்பில் கூறலாம். அது வாஸ்தவமே. ஆனால் பிரஸ் ஆள் எண்ணிக்கையைப் பார்த்து இறங்குவதில்லை. எனவே நியமம் யந்திரத்தைத் தொடர வேண்டும். ஒவ்வொரு பிரஸ்ஸின் நிற்கும் நேரமும் அளக்கப்பட்டு அதன் மீதே பொறிக்கப்பட வேண்டும். இன்ஸ்பெக்டர் (புதிய தொகுப்பில் இவருக்கு 'வசதி செய்து கொடுப்பவர்' என்ற பட்டமும் உண்டு) பட்டறைக்கு அளவு நாடாவுடன் வர வேண்டும்.