கற்றவர் மீண்டுங் கற்றல்

பட்டம் பெற்றவுடன் கல்வி முடிந்ததென்று எண்ணுவோர் எத்தொழிலிலும் உளர். கண்ணைப் பேணுந் தொழிலில் அவ்வெண்ணம் பெருங்கேடு பயக்கும். பார்வையை அளந்து மூக்குக்கண்ணாடியும் காண்டாக்ட் லென்ஸும் தேர்ந்து கொடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்டுகள், உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ளும்பொருட்டுக் குறித்த சில மணி நேரம் மீண்டும் படித்தாக வேண்டுமென்பது அமெரிக்க மாகாணங்களின் விதி. அப்படிப்பை வீட்டிலிருந்தே இணையவழியாய் முடித்துக்கொள்வது தகுமா என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வினா. தமிழ் பயிலும் எமக்கு இதில் என்ன வேலையென்று நண்பர் நகைக்கலாம். எம் வகுப்பிலேயே லென்ஸ் அணிவோர் உளர். அதனை விடுதிக் குழாய்நீரில் அலம்பி மாட்டிக்கொள்வோரும் உளர். ஆதலின் சில சொல்லத் துணிந்தோம்.

மீண்டும் படித்தல் ஏன் வேண்டுமென்பதற்கு 2006-ஆம் ஆண்டு நிகழ்ந்ததே சான்று. பியூசேரியம் என்னும் பூஞ்சையாற் கருவிழி புண்பட்டவர் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் முன்னரே காணப்பட்டனர். பின்னர் அமெரிக்காவில், 33 மாகாணங்களிலும் ஓர் ஆட்சிப்பகுதியிலுமாக 164 பேர் இந்நோயுற்றமை உறுதியாயிற்று. அவருள் 55 பேருக்குக் கருவிழி மாற்றுச் சிகிச்சை நடந்தது, அல்லது நடத்த வேண்டியதாயிற்று. அவருட் பெரும்பாலோர் வழங்கிய 'ரெனு வித் மாய்ஸ்சர்லாக்' என்னும் லென்ஸ் நீர்மத்தை பாஷ் அண்டு லாம் கம்பெனியார் அவ்வாண்டு மே மாதத்தில் உலகெங்கணும் திரும்பப் பெற்றனர். திறவாத புட்டிகளிற் பூஞ்சை காணப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. டப்பியிலுள்ள பழைய நீர்மத்தை மறுபடி வழங்கும் பழக்கமும் நோய்க்குத் துணைநின்றதென ஆராய்ந்தோர் கண்டனர். மறு ஆண்டு மே மாதத்தில், அகாந்தமீபா என்னும் நுண்ணுயிரால் விளைந்த நோயின் காரணமாக, வேறொரு கம்பெனியின் நீர்மமும் திரும்பப் பெறப்பட்டது.

அக்காலத்து நீர்மங்கள் பல 'தேய்க்க வேண்டா' என்ற அடையாளத்தோடு விற்கப்பட்டன. இப்போதோ, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் புது நீர்மத்தால் அலம்புக, டப்பியை மூன்று மாதத்துக்கொருமுறையேனும் மாற்றுக, குழாய்நீர் அருகும் வரலாகாது என்றே அறிவுரை கூறப்படுகின்றது. முன்பு படித்ததோடு நின்றுவிட்ட ஒருவர், தம்மை நம்பி வருவோர்க்குப் பழைய பாடத்தையே நல்லெண்ணத்தோடு சொல்லிக்கொண்டிருப்பர்.

நிற்க. இணையவழிக் கல்வியை யாம் இகழ்வேமல்லேம். சிற்றூரில் தனித்துத் தொழில் நடத்துபவர் கடையைப் பூட்டிவிட்டுத் தொலைநகர் மாநாட்டுக்குச் செல்வது எளிதன்று, செலவும் மிகுதி. புண்பட்ட கருவிழியின் படத்தைப் பெருமண்டபத்தின் பின்வரிசையிலிருந்து காண்பதினும் தம் மேசைமேல் தெளிவாகக் காணலாம். ஆயினும், பதிவுசெய்த சொற்பொழிவை ஓடவிட்டுத் தேநீர் பருகி, ஈற்றில் நாலைந்து வினாக்களுக்கு விடை குறித்துச் சான்றிதழ் பெறுவதும் இணையவழிதான். அதனைக் கல்வியென்று எண்ண எம் மனம் ஒப்பவில்லை. (மாநாட்டு மண்டபத்திலும் உறங்குவோர் உளரென்பது உண்மையே.) நீர்மம் விற்போரே பாடத்துக்குப் பொருளுதவி செய்யுமிடத்து இன்னும் விழிப்பு வேண்டும்.

பிரிட்டனில் 2022 முதல் நடைபெறும் முறை எமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. அங்கே மூன்றாண்டுக்கு 36 மதிப்பெண் ஈட்டுவதோடு, உடன்தொழிலாளரோடு அமர்ந்து நோயாளர் நிலைகளை ஆய்ந்து பேசுதலும் கட்டாயம். இதனோடு ஒன்று கூட்டலாம். பாடங் கேட்டவர் தம்மிடம் வரும் ஐவரை லென்ஸைக் கழற்றி, கழுவி, டப்பியில் வைக்கச் சொல்லி, கண்டதை எழுதி ஆசிரியர்க்கு அனுப்புக. அதன் பின்னரே சான்றிதழ் வழங்குக. இதனையும் இணையவழியிலேயே நடத்தலாம். டப்பியையும் கையோடு கொண்டுவருமாறு அவ்வைவருக்கும் முன்னரே சொல்லிவைத்தால் போதும்.