பள்ளங்கியில் எரிமலையா?

கொடைக்கானலுக்கு மூட்டை கட்டும் சமயத்தில், "அந்த மலை எரிமலையாமே! ஏரிதான் அதன் வாயாமே! குழந்தைகளை அழைத்துக்கொண்டு அங்கே போகவேண்டுமா?" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் குறுக்கே நின்றால் என்ன செய்வீர்கள்? எங்கள் வீட்டில் நின்றவர் என் மாமியார். 2024 செப்டம்பரில் மேல்மலைக் கிளாவரைக் காட்டில் நிலம் சுமார் 300 அடி நீளத்துக்குப் பிளந்து கிடந்த செய்தியைக் கேட்டதிலிருந்தே அவருக்குக் கலக்கம்.

பெரியவர்கள் பயத்தைச் சிரித்துத் தள்ளக்கூடாது. எனவே, "அத்தை, நீங்களும் வாருங்கள், பார்த்துவிட்டே பேசுவோம்" என்றேன். வந்தார்.

வில்பட்டி வழியாகப் பள்ளங்கிக்கு இறங்கினோம். படிப்படியாக வெட்டிய வயல்கள். பூண்டும் காரட்டும் உருளைக்கிழங்குமாகப் பச்சை. சுற்றிலும் கூம்பு கூம்பாகக் குன்றுகள். "பார்த்தாயா, இவையெல்லாம் எரிமலைதானே?" என்றார் அத்தை.

எரிமலைக் கூம்பு எப்படி உண்டாகிறது தெரியுமா, சகோதரிகளே? பொரி வறுக்கும் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பூமிக்குள்ளிருந்து வரும் குழம்பில் வாயு நிறைய இருந்தால் அது துண்டு துண்டாகத் தெறிக்கிறது. ஆகாயத்திலேயே ஆறி, கொல்லன் உலைச் சிட்டம் மாதிரி பொத்தல் கல்லாக விழுந்து, வாயைச் சுற்றிக் குவிகிறது. குழம்பு ரசம்போல் ஓடாமல் களிபோல் கெட்டியாக இருந்தால், வெளியே வந்த இடத்திலேயே உருண்டு திரண்டு குவிமாடமாக நின்றுவிடுகிறது.

இந்த இரண்டையும் நம் தேசத்தில் பார்க்க அந்தமான் கடலுக்குப் போகவேண்டும். கடலடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே புகுவதால் எழுந்த எரிமலை வரிசை அங்கே இருக்கிறது. அதில் ஒன்றான பாரன் தீவில், சுமார் 2 கிலோமீட்டர் அகலமுள்ள பழைய சுற்றுச்சுவருக்கு நடுவே சிட்டக் கூம்பு நிற்கிறது. நூறாண்டுக்கு மேல் உறங்கிய அந்த எரிமலை 1991இல் விழித்தது. பிறகும் பலமுறை கக்கியிருக்கிறது. அதற்கு வடக்கே நார்கொண்டம் தீவு. அது குவிமாட வகை, இப்போது அமைதியாக இருக்கிறது. 'நரக குண்டம்' என்பதே அப்படித் திரிந்தது என்பார்கள். ஆனால் உலகில் வேறெங்கும் இல்லாத இருவாட்சிப் பறவை இனம் ஒன்று அந்த 'நரகத்தில்'தான் குடித்தனம் செய்கிறது!

பழனி மலையோ வேறு ஜாதி. இங்குள்ள கல் பூமியின் ஆழத்தில், பல கிலோமீட்டர் பாறைக்கு அடியில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே வெந்து இறுகியது. மேலே இருந்த பாறை யுகயுகமாகத் தேய்ந்து கரைந்தபின் வெளியே தலைகாட்டுகிறது. சார்னோக்கைட் என்று அதற்குப் பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் சமாதிக் கல்லை ஆராய்ந்து, 1893இல் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. சென்னைப் பரங்கிமலையிலும் இதே இனக் கல்தான். நாம் வெறுமனே 'கருங்கல்' என்று சொல்லும் கற்களில் இதுவும் ஒன்று.

ஏரி? அதுவும் எரிமலையின் வாய் அல்ல. 1863இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துக் கட்டியது.

"அப்படியானால் பயமே வேண்டாம் என்கிறாயா?" என்றார் அத்தை. அங்கேதான் நான் சற்றுத் தயங்கினேன். நெருப்புக்குப் பயப்பட வேண்டாம். தண்ணீருக்குப் பயப்படத்தான் வேண்டும். பாறை அசையாது, அதன்மேல் போர்த்திய மண் அசையும். மரத்தை வெட்டி, சரிவைச் செங்குத்தாகக் குடைந்து, ஓடையை அடைத்துக் கட்டடம் எழுப்பினால், அடைமழையில் ஊறிய மண் பிடிப்பில்லாமல் சரிந்துவிடும். கோடானுகோடி ஆண்டு உறங்கும் பாறை செய்யாத தீங்கை, ஒரே ஐப்பசி மழையில் நாமே செய்துகொள்ளலாம்.

ஆகவே, மலைக்குப் போகிறவர்கள் போய் வாருங்கள். அடைமழை நாளில் மட்டும் மலைப்பாதையைத் தவிருங்கள். தங்குமிடம் பார்க்கும்போது ஜன்னலிலிருந்து தெரியும் அழகை மட்டும் பார்க்காமல், பின்புறத்தில் மண்ணை வெட்டிவிட்டிருக்கிறார்களா, மரம் நிற்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள்.

அத்தை பள்ளங்கியில் மலைப்பூண்டு 2 கிலோ வாங்கினார். "இந்த மண் போய்விட்டால் பூண்டுக்கு எங்கே போவது?" என்றார். எரிமலைப் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவேயில்லை.