ஆரோரூட் மாவு: வாங்குவதா, வீட்டிலேயே எடுப்பதா?

கேள்வி: ''என் மகனுக்கு எட்டு மாதம். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. ஆரோரூட் கஞ்சி கொடுத்தால் நின்றுவிடும் என்கிறார் மாமியார். கடையில் இரண்டு விதமான பாக்கெட் இருக்கிறது. ஒன்றைவிட மற்றதன் விலை மூன்று மடங்கு. எதை வாங்குவது?''

- வாசகி, குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.

பதில்: மாவைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் குழந்தையைப் பார்ப்போம்.

வயிற்றுப்போக்கில் குழந்தைக்கு ஆபத்தை உண்டாக்குவது, உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். ஆரோரூட் கஞ்சி எளிதில் செரிக்கும். வயிற்றுக்கு இதமாகவும் இருக்கும். ஆனால், இழந்த உப்பை அது ஈடுகட்டாது. அதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுவதுமாகக் கரைத்து, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு தினமும் 20 மில்லி கிராம் துத்தநாக மாத்திரை 14 நாள்கள் கொடுக்கச் சொல்வார்கள். போக்கு நின்றாலும் 14 நாளையும் முடிக்க வேண்டும்.

கண் குழிவிழுந்திருந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதும் முழுக்கத் தவறல்ல. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ்., தாய்ப்பாலோடு சேர்த்து இந்தக் கஞ்சியையும் கொடுக்கலாம். அதையே முழு உணவாக நினைத்துவிடக் கூடாது. 100 கிராம் மாவில் ஏறக்குறைய 88 கிராம் மாவுச்சத்துதான். புரதம் ஒரு கிராம்கூட இல்லை. ஆகவே குழந்தை தேறியதும், குழைய வேகவைத்த பாசிப்பருப்பும் சோறும் பிசைந்து கொடுக்க ஆரம்பித்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எந்தக் கஞ்சியும் வேண்டாம்.

இனி கடை மாவு. உங்கள் பக்கத்தில் 'கூவை' என்றும், பழைய பெயரில் 'கூகைநீறு' என்றும் சொல்வது இதைத்தான். 'கூவை' என்ற பெயரில் இரண்டு செடிகள் உண்டு. ஒன்று, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த 'மராந்தா'. இன்னொன்று, மஞ்சள் செடியின் உறவான காட்டுக் கூவை. சத்தீஸ்கரில் 'திகூர்' என்று எடுப்பது இந்த இரண்டாவது வகையைத்தான். இந்த இரண்டில் எதன் கிழங்கிலிருந்து எடுத்தாலும் அதை ஆரோரூட் என்று விற்க நம் உணவுச் சட்ட விதிகள் அனுமதிக்கின்றன. மரவள்ளி மாவையும் மக்காச்சோள மாவையும் அந்தப் பெயரில் விற்க அனுமதி இல்லை.

ஆனால், கலப்படம் நடப்பது அந்த இரண்டை வைத்துத்தான். மரவள்ளி மாவு விஷமல்ல. நாம் சாப்பிடும் ஜவ்வரிசியே அதில்தான் செய்கிறார்கள். மலிவான மாவுக்கு விலை உயர்ந்த மாவின் காசைக் கொடுக்கிறோம் என்பதுதான் நஷ்டம். பாக்கெட்டின் முன்பக்கப் பெயரைவிட, பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அதில் ஆரோரூட் மட்டும் இருக்க வேண்டும். 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, தயாரிப்பாளர் முகவரி மூன்றும் இருக்க வேண்டும். ஆரோரூட் பிஸ்கட்டிலும் இதே கதைதான். பட்டியலில் பெரும்பாலும் முதலிடத்தில் இருப்பது மைதா!

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். வாங்கிய மாவு, மக்காச்சோள மாவு, மரவள்ளி மாவு மூன்றிலும் ஒவ்வொரு ஸ்பூன் எடுத்து, தனித்தனியாக அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுங்கள். மக்காச்சோளம் வெள்ளையாகக் கலங்கி நிற்கும். மரவள்ளி தெளிந்தாலும் ஸ்பூனில் தூக்கும்போது பசைபோல நூல் இழுக்கும். நல்ல ஆரோரூட் வாசனையில்லாமல் கண்ணாடிபோலத் தெளியும். அவ்வளவாக நூல் இழுக்காது. பாதிக்குப் பாதி கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது. அயோடின் சொட்டுவிட்டுப் பார்ப்பதும் வீண். எந்த மாவாக இருந்தாலும் நீலமாகத்தான் மாறும். ஆய்வகத்தில் நுண்ணோக்கி வழியாக மாவுத் துகள்களின் வடிவத்தைப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். சந்தேகம் வலுத்தால், பில்லோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தை அணுகுங்கள். வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது.

கேள்வி: ''ஆரோரூட் மாவைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கட்டி தட்டுகிறது. அதிக நேரம் கொதிக்கவிட்டால் நீர்த்துப்போகிறது. பக்குவம் என்ன?''

- வாசகி, சின்னமனூர், தேனி மாவட்டம்.

பதில்: மாவைப் பச்சைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கஞ்சிக்கு ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு மேஜைக் கரண்டி மாவு போதும். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் வைத்துக் கைவிடாமல் கிளறுங்கள். பால்போல் இருக்கும் கலவை திடீரெனக் கெட்டியாகித் தெளியும். அதுதான் பதம், உடனே இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் கொதித்தால் மாவின் பிடிப்பு விட்டு நீர்த்துவிடும். மறுபடி சூடாக்கினாலும் அப்படித்தான்.

சூப், குழம்பு கெட்டியாக வேண்டுமென்றால், மைதாவில் பாதியளவு ஆரோரூட் போதும். தக்காளி, புளி சேர்ந்த புளிப்பிலும் தளராது. கடைசியில் கரைத்து ஊற்றி, தெளிந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது உதவும். கேரளத்தில் திருவாதிரை நாளன்று வெல்லம், தேங்காய் சேர்த்துக் கிளறும் கூவைப் பலகாரமும் இந்த மாவில் செய்வதுதான்.

கேள்வி: ''எனக்குச் சர்க்கரை நோய். ஆரோரூட் குளிர்ச்சி, சர்க்கரையை ஏற்றாது என்று சொல்லி விற்கிறார்கள். தினமும் குடிக்கலாமா?''

- வாசகர், திருவையாறு, தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: தினமும் வேண்டாம். காய்ச்சிய கஞ்சி எளிதில் செரிக்கும் மாவுச்சத்து. அரிசிக் கஞ்சியைப்போல இதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். குழம்பில் ஒரு ஸ்பூன் சேர்ப்பதால் பெரிய பாதகமில்லை. டம்ளர் டம்ளராகக் குடிக்கும் மருந்தாக நினைக்காதீர்கள். போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

கேள்வி: ''தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கூவைக்கிழங்கு வருமா? மாவு எடுப்பது எப்படி?''

- வாசகர், ஆனைமலை, கோயம்புத்தூர் மாவட்டம்.

பதில்: வரும். கலப்படமில்லாத மாவுக்கு இதைவிட நிச்சயமான வழியும் இல்லை. பாதி நிழலைத் தாங்கும் பயிர் என்பதால் தென்னைக்கு நடுவே நன்றாகவே வளரும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது, கிழங்கு அழுகிவிடும்.

முதல் வருடம் ஒரு சென்ட்டில் மட்டும் முயற்சி செய்யுங்கள். வைகாசி, ஆனியில் மழை தொடங்கியதும், முளைப்பருவுள்ள 20 முதல் 25 கிராம் கிழங்குத் துண்டுகளை ஓரடிக்கு ஓரடி இடைவெளியில், இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். சென்ட்டுக்குச் சுமார் 450 துண்டுகள், அதாவது 10 கிலோ விதைக்கிழங்கு வேண்டும். அடியுரமாக மக்கிய தொழுவுரம் இட்டு, தென்னை ஓலையால் மூடாக்கு போட்டு, முதல் மூன்று மாதங்கள் களையில்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். சுமார் 10 மாதத்தில் இலைகள் மஞ்சளாகிச் செடி சாயும். அப்போது தோண்டலாம். மண்ணில் விடுபட்ட துண்டுகள் அடுத்த மழைக்குத் தானாக முளைக்கும் என்பதால், இதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கிவிடுவது நல்லது.

தோண்டிய கிழங்கை இரண்டு நாள்களுக்குள் அரைத்துவிட வேண்டும். மேலே இருக்கும் செதில் தோலை முழுவதும் உரித்துக் கழுவுங்கள். தோல் தங்கினால் மாவில் கசப்பேறும். துருவி, தண்ணீர்விட்டு அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். சக்கையை மறுபடி அரைத்துப் பிழியுங்கள். வடிந்த பாலைச் சில மணி நேரம் அசைக்காமல் வைத்தால் மாவு அடியில் படியும். மேலே நிற்கும் நீரை இறுத்துவிட்டு, புதுத்தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி படியவிடுங்கள். மேல்நீர் தெளிவாகும்வரை நான்கைந்து முறை இப்படிச் செய்ய வேண்டும். பிறகு துணியில் பரப்பி, தூசி படாமல் நல்ல வெயிலில் காயவைத்து, ஈரம் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். சக்கை மாட்டுக்கு ஆகும்.

10 கிலோ கிழங்குக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ மாவு கிடைக்கும். ஒரு சென்ட்டில் 50 கிலோ கிழங்கு வந்தாலும், 10 கிலோவை விதைக்கு நிறுத்திக்கொண்டு நான்கு கிலோவுக்குக் குறையாமல் மாவு எடுக்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கு இது தாராளம். விற்பனைக்கு என்றால் பரப்பைக் கூட்டும் முன், உரிப்பதற்கும் அலசுவதற்கும் ஆகும் ஆள்கூலியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லாபமும் நஷ்டமும் அங்கேதான் முடிவாகும்.

விதைக்கிழங்குக்கும் ஆலோசனைக்கும் திருவனந்தபுரம், ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கூவை வைத்திருக்கும் விவசாயிகளிடமும் கேட்டுப் பாருங்கள். அறுவடை முடிந்த கையோடு மாவாகிவிடும் கிழங்கு என்பதால், பங்குனிக்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது.