மழை அறிவிப்பும் சங்கத்தின் கடமையும்

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமே தருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அது பொய்த்தால் ஏரிகள் நிரம்பா, சம்பாவும் விளையாது. ஆயினும் உழவருக்கு வாழ்வளிக்கும் அம்மழையே நெசவாளரின் அடுப்பை அணைத்துவிடுகிறது. தாம்பரம் வட்டாரத்தில் இவ்விரு தொழிலினரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஆதலின் வானிலை அறிவிப்பைக் கூட்டுறவுச் சங்கங்கள் வெறும் செய்தியாகக் கேட்டிருத்தல் தகாது.

அறிவிப்பின் சொற்களுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 6.5 முதல் 11.5 செ.மீ. வரை பெய்வது கனமழை, 20.4 செ.மீ. வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது அதி கனமழை. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. சென்னையின் ஓராண்டுச் சராசரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் கொட்டியது.

அன்று முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது நேரே விழுந்த மழை மட்டுமன்று. மேற்கேயுள்ள ஏரிகளின் உபரியும் அடையாற்றில் திரண்டு வந்தது. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்து உபரியும் கலப்பதால், அதற்குக் கீழே நெசவுக்குப் பெயர் பெற்ற அனகாபுத்தூர் இரு வெள்ளத்திற்கும் அஞ்ச வேண்டியுள்ளது. நுங்கம்பாக்கத்து வானிலை மையம் மழையைச் சொல்லும். எந்த ஏரி நிரம்பினால் எந்தத் தெருவில் நீர் புகும் என்பதை ஊராரே அறிவர்.

அறிவிப்பும் நாளுக்கு நாள் மாறும். 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பின்னும் நகராது நின்று பெருமழை பெய்தது. நேற்றைய அறிவிப்பை நம்பி இன்று வாளாவிருத்தல் கூடாது.

உழவருக்கு வேளாண் வானிலை அறிவுரை உண்டு. பயிர்க் காப்பீடும் உண்டு. அவ்வறிவுரை பயிரைப் பற்றிப் பேசுகிறது. தறியைப் பற்றிப் பேசுவதில்லை. குழித்தறியில் நீர் ஊறினால் நெசவு நிற்கும். தெருவில் பாவினை விரித்துக் கஞ்சியிட வெயில் வேண்டும். நெய்தால்தான் கூலி என்றிருக்கையில், பத்து நாள் மழை பத்து நாள் பட்டினியாகும். நீரில் மூழ்கிய நெல்லை நட்டம் என்று கொள்ளும் நாம், நின்றுபோன தறியையும் அவ்வாறே கொள்ளுதல் நீதியன்றோ?

எனவே சங்கங்கள் மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. முதலாவது, பருவம் முடியும் வரை நாள்தோறும் அறிவிப்பைச் சங்க வாயிலில் எழுதி வைத்தல். ஏரிகளின் நீர்மட்டத்தையும் அதனுடன் சேர்த்தல். இரண்டாவது, மிகக் கனமழை அறிவிப்பு வந்தவுடன் தாழ்ந்த தெருக்களிலுள்ள நூலையும் நெய்த துணியையும் மேடான இடத்திற்குக் கொண்டு சேர்த்தல். மூன்றாவது, ஆண்டு இலாபத்தில் ஒரு பகுதியை மழைக்கால நிதியாக ஒதுக்கி, தறி நிற்கும் நாட்களில் முன்பணம் வழங்குதல்.

நிதி ஏது என்பார் உண்டு. நெசவாளர் வீட்டில் நனையும் நூல் பெரும்பாலும் சங்கம் கொடுத்த நூலே. அதனைக் காப்பது சங்கத்தின் முதலைக் காப்பதாகும். வரும் பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருவார்களாக. மேகம் திரண்ட பின் கூடிப் பேசுவதால் பயனில்லை.