முழங்காலும் யந்திரக் கையும்

"அம்மாவுக்கு முழங்கால் மூட்டை மாற்ற வேண்டுமாம். ரோபோ வைத்துச் செய்தால் நல்லது என்கிறார்கள். நீ படித்தவனாயிற்றே, என்ன சொல்கிறாய்?" ஊரிலிருந்து இப்படிக் கேள்வி வராத அன்பர்கள் நம் சங்கத்தில் சிலரே இருப்பர். பொருளாதாரம் படிப்பவரும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது!

முதலில் ஒரு தப்பெண்ணத்தை அகற்றிவிடுவோம். யந்திரம் தானாகவே எல்லாவற்றையும் அறுத்து முடித்துவிடுவதில்லை. இன்று பரவலாக வழங்கும் 'மேக்கோ' என்னும் கருவியில், எலும்பை எவ்வளவு சீவுவது என்பதை சி.டி. படத்தைக் கொண்டு முன்னதாகவே கணக்கிடுகிறார்கள். ரம்பத்தை நடத்துவது டாக்டரின் கைதான். வகுத்த எல்லையை அது தாண்ட முயன்றால் யந்திரக் கை தடுத்து நிறுத்துகிறது. அளவு பிசகாமல் சீவுவதில் இதன் திறமை மெய்யானதே. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நோயாளி கேட்பது கோணக் கணக்கையா? வலி தீருமா, மாடிப்படி ஏறலாமா, புது மூட்டு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதையல்லவா? 1992-இல் அமெரிக்காவில் இடுப்பு மூட்டு அறுவையில் முதன்முதலாகப் பயன்பட்ட 'ரோபோடாக்' என்னும் யந்திரத்தைத் தென்கொரிய டாக்டர்கள் முழங்காலுக்கும் பயன்படுத்தினர். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு யந்திரத்தாலும் மற்றதற்கு வழக்கமான முறையாலும் சிகிச்சை செய்து, பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். 2020-இல் முடிவு வெளியாயிற்று. நடமாட்டத்திலும் சரி, மூட்டின் ஆயுளிலும் சரி, யந்திரத்தால் கூடுதல் நன்மை காணப்படவில்லை. பின்னர் வந்த கருவிகள் இதனினும் மேம்பட்டவையாக இருக்கலாம். அதை விளம்பரப் பலகை சொன்னால் போதாது. நோயாளிகளின் கால்கள் சொல்லவேண்டும்.

இனிப் பணம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு உச்சவிலை விதித்தது. பெரிதும் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமிய மூட்டின் விலை, வரி நீங்கலாக, 54,720 ரூபாய் என்றாயிற்று. நல்ல காரியந்தான். ஆனால் அந்தக் கட்டுப்பாடு மூட்டின் விலைக்கு மட்டுமே. யந்திரத்தின் பெயரால் வாங்கும் கட்டணத்துக்கு அல்ல. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய யந்திரத்தின் விலையை எவரேனும் ஈடுசெய்துதானே தீரவேண்டும்?

கைதேர்ந்த டாக்டர் தனிக் கட்டணமின்றி யந்திரத்தைப் பயன்படுத்தினால் தாராளமாகச் செய்துகொள்ளட்டும். அதற்கென்று நகையை அடகு வைப்பதானால் வேண்டாம் என்றே எழுதுங்கள். அந்தப் பணத்தில், காலை மடக்கி நீட்டப் பழக்கும் பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வரவழைக்கலாம். இந்த டாக்டர் ஆண்டுக்கு எத்தனை முழங்கால் மாற்றுகிறார் என்பதையும் அப்பாவை நேரில் கேட்டுவரச் சொல்லுங்கள். யந்திரத்தின் பெயரை அதன் பிறகு விசாரிக்கலாம்.